திருப்பிப் பார்த்துடறேன் சார்

ஜூலை இருபத்திரண்டு, செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி ஐம்பது நிமிடம். வானம் முழுக்க மூடியிருந்தது. மழை வருமென்று குடை எடுத்துப் போயிருந்தேன். வரவில்லை, புழுக்கம்தான் இருந்தது. திண்டிவனத்தில் மேடத்தின் வீட்டு இரும்புக் கேட்டுக்கு வெளியே, சட்டைப்பையில் நாலாக மடித்த ஒரு காகிதத்தோடு நின்றேன். விழுப்புரத்திலிருந்து பேருந்தில் வரும் வழியெல்லாம் அது இருக்கிறதா என்று ஏழு முறை தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

காகிதத்தில் இருந்தது ஒரே ஒரு கேள்வி. என் மருமகள் வசந்தி எழுதிய தேர்வின் அறுபத்து மூன்றாம் கேள்வி. வசந்தி பதினான்கு வருடமாகத் தனியார் பள்ளியில் வேதியியல் நடத்துகிறாள். இது நிரந்தர வேலைக்கான தேர்வு. நடத்தியது யார் என்பது இங்கே வேண்டாம். வயது வரம்பு அவளுக்கு இந்த முறையோடு முடிகிறது. என் மகனுக்கு பைக் விற்கும் ஷோரூமில் வேலை. எந்த மாதம் இருக்கும், எந்த மாதம் இருக்காது என்று அவனுக்கே தெரியாது. ஆகவே வீட்டில் எல்லோரும் இந்தத் தேர்வை நம்பித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை உத்தேச விடைகளை வெளியிட்டார்கள். வசந்தியின் மதிப்பெண்ணை நான் மூன்று தடவை கூட்டினேன். நூற்று நாலு. சென்ற முறை கடைசியாக வேலை கிடைத்தவரின் மதிப்பெண்ணும் நூற்று நாலு. ஒன்று குறைந்தாலும் கிடையாது. விடை தவறு என்று நினைப்பவர்கள் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அன்று சாயங்காலமே, தேர்வு எழுதியவர்களின் வாட்ஸப் குழுவில் யாரோ ஒருவர் ‘63 சரியா??’ என்று போட்டு, அடுத்த நிமிடமே அழித்துவிட்டார். வசந்தி அதைப் பார்க்கவில்லை. அவள் போன் சார்ஜில் கிடந்தபோது கண்ணில் பட்டது எனக்கு. அந்தக் கேள்விக்கு வசந்தி எழுதியதும் அவர்கள் வெளியிட்டதும் ஒரே விடை. பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு அது வராது. யாராவது ஒருவர் ‘சரிதான்’ என்று சொன்னால்தான் சோறு இறங்கும் என்று ஆகிவிட்டது. அப்படிச் சொல்லக்கூடியவர் ஒருவரை எனக்குத் தெரியும். ஆனால் சுலபத்தில் சொல்லமாட்டார் என்பதை மறந்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

மேடம் விழுப்புரத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. நான் கருவூலத்தில் கணக்கன். அப்போது இருவருக்கும் வீடு திண்டிவனத்தில்; ஓய்வுக்குப் பிறகுதான் நான் மகனோடு விழுப்புரத்துக்கு வந்தேன். காலையில் போய் மாலையில் திரும்பும் பாசஞ்சர் வண்டியில் பத்தொன்பது வருடம் எதிரெதிரே உட்கார்ந்து பயணம் செய்தோம். இஞ்சின் பக்கத்திலிருந்து நாலாவது பெட்டி.

அவருக்குச் சொந்த ஊர் மேல்சித்தாமூர். நயினார் வீட்டுப் பெண், தமிழ்ச் சமணர். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார். அதனால் ராச்சாப்பாடு ரயிலில்தான். கோடையில் மயிலம் தாண்டியபின் டப்பாவைத் திறப்பார். மார்கழியில் விக்கிரவாண்டியிலேயே திறந்துவிடுவார். கேப்பை அடை, புளிச்சோறு, வெங்காயம் இல்லாத ஏதாவது. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் போகப் போக எனக்குத்தான் படபடக்கும். “மேடம், இன்னும் ஏழு நிமிஷம்தான் இருக்கு” என்பேன்.

“இருக்கட்டும் சார். வாயில வெச்சதை மென்னுதானே முழுங்கணும்” என்பார்.

எதிலும் அவசரம் கிடையாது. எதைக் கேட்டாலும் முதல் பதில் ஒன்றுதான்: “இருங்க, திருப்பிப் பார்த்துடறேன் சார்.” ஒரு பொருள் தன் முன்னால் எந்தப் பக்கமாக இருக்கிறதோ அந்தப் பக்கத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்லமாட்டார். சுற்றிவந்து பார்க்கவேண்டும், அல்லது அதைச் சுற்றிவிட்டுப் பார்க்கவேண்டும்.

ஒரு முறை எங்கள் பெட்டியில் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை. மரக்காணத்துப் பக்கம் போகும் மீன்காரப் பெண்மணிக்கும், கைப்பெட்டி வைத்திருந்த ஒரு மனிதருக்கும். பெட்டி முழுவதும் மனிதர் பக்கம் சேர்ந்துகொண்டது, கூடையில் வாடை. யாரோ, “டீச்சரம்மா நீயே சொல்லு” என்றார்கள். மேடம் எழுந்துபோய் அந்தப் பெண்மணி உட்கார்ந்திருந்த இடத்தில் கொஞ்சநேரம் உட்கார்ந்தார். பிறகு மனிதரை எழுப்பிவிட்டு அவர் இடத்தில் உட்கார்ந்தார். அங்கிருந்து என்ன தெரிகிறதென்று பார்த்தார். தீர்ப்பு வருவதற்குள் பேரணி ஸ்டேஷன் வந்துவிட்டது. மனிதர் இறங்கிப் போய்விட்டார்.

“இன்னாம்மா நீ, ஜல்தியா ஒரு வார்த்தை சொல்லிருந்தா நான் காலை நீட்டி உக்காந்துக்கினு இருந்திருப்பேன்” என்றாள் மீன்காரப் பெண்மணி.

“உன் பக்கம்தாம்மா நியாயம். இப்பத்தான் தெரிஞ்சுது” என்றார் மேடம்.

பெட்டியே சிரித்தது. அவரும் சிரித்தார். வெட்கப்படவில்லை.

அவர் கைப்பையில் எப்போதும் குழந்தைகள் விளையாடும் வண்ணக் களிமண்ணும் எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சிகளும் இருக்கும். மூலக்கூறு செய்வதற்கு. வண்டி சிக்னலில் நிற்கும்போது உருட்டிக்கொண்டே இருப்பார். இது என்னத்துக்கு என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“உங்க ரெண்டு கையையும் பாருங்க சார். ஒண்ணு போலவே இருக்கு. ஆனா ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா பொருந்துமா? கட்டைவிரல் மாறிப் போவும். கண்ணாடியில தெரியற உருவம் மாதிரி. சில மூலக்கூறும் அப்படித்தான், இடக்கை வலக்கைன்னு ரெண்டு இருக்கும். ஒண்ணு ஒளியை இந்தப் பக்கம் திருப்பும், இன்னொண்ணு அந்தப் பக்கம் திருப்பும்.”

“சரி.”

“இப்ப கும்பிடுங்க.”

கும்பிட்டேன்.

“கும்பிட்ட கை ரெண்டையும் சேர்த்து ஒரே பொருள்னு வெச்சுக்குங்க. இதைக் கண்ணாடியில பார்த்தா எப்படி இருக்கும்? இதே மாதிரிதான். நடுவுல ஒரு தளம் ஓடுது பாருங்க, அதுக்கு இந்தப் பக்கம் இருக்கறதும் அந்தப் பக்கம் இருக்கறதும் ஒண்ணுக்கொண்ணு பிம்பம். ஒரு பாதி திருப்பற ஒளியை இன்னொரு பாதி திருப்பிக் கொண்டாந்துடும். வெளியில ஒண்ணும் தெரியாது. இதுக்குப் பேரு மீசோ.”

நான் கும்பிட்டபடியே இருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர், “யாருக்கு சார் இவ்ளோ பெரிய கும்பிடு? டிடிஆரா?” என்றார்.

நான் கணக்கன் அல்லவா, சும்மா இருக்க முடியவில்லை. அவர் கையிலிருந்த மூலக்கூறில் நடுவில் இரண்டு கார்பன். ஒவ்வொன்றும் இரண்டு விதமாக இருக்கலாம். இரண்டை இரண்டால் பெருக்கினால் நாலு. “அப்படின்னா மொத்தம் நாலு வகை இருக்கும் மேடம்” என்றேன் பெருமையாக.

“எண்ணிட்டீங்க சார். பார்க்கலியே” என்றார். நாலையும் களிமண்ணில் செய்து காட்டினார். மூன்றாவதையும் நாலாவதையும் என் கையில் கொடுத்தார். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பியதும் மற்றதாகிவிட்டது. இரண்டல்ல, ஒன்றே. அதுதான் மீசோ. மொத்தம் மூன்றுதான். அன்று மயிலத்திலிருந்து திண்டிவனம் வரை அந்த இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். எண்ணிக்கை சரியாக இருந்தும் விடை தவறாக இருக்க முடியும் என்பது கருவூலத்தில் யாரும் எனக்குச் சொல்லித்தராத விஷயம்.

பிறகு ஒரு தீபாவளிக்கு விழுப்புரம் கடைத்தெருவில் செருப்பு வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். கூட்டத்தில் இடிபட்டு, விலையைப் பேசி, இரண்டு இருக்கிறதா என்று பார்த்துப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். மேடம் பையை வாங்கி வெளியே எடுத்து, திருப்பி வைத்துப் பார்த்தார். ஒன்றின் மேல் ஒன்று அச்சாகப் பொருந்தியது.

“சார், ரெண்டும் இடது கால்.”

அப்புறம் என் முகத்தைப் பார்த்து, “ரெண்டுன்னு எண்ணினது சரிதான்” என்றார்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டுதான் சொல்வேன். ஆனால் அவரிடம் இருந்த அந்தக் குணத்தை நினைத்துப் பயந்த நாள்களும் உண்டு.

ஒரு வருடம் துணைத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமில் அவர் இருந்தார். ஐப்பசி மழை. ரயில் நிலையத்துக்குச் சேர்ந்து ஆட்டோவில் போகலாமென்று நான் முகாம் நடந்த பள்ளி வாசலில் நின்றிருந்தேன். எல்லா ஆசிரியர்களும் வெளியே வந்துவிட்டார்கள், மேடம் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால், மேற்பார்வையாளர் மேசைக்கு முன்னால் களிமண்ணோடு நின்றுகொண்டிருக்கிறார். விடைக்குறிப்பில் ‘நாலு’ என்று இருந்ததாம். மூன்று என்று எழுதிய பிள்ளைகளுக்கு மதிப்பெண் வெட்டியிருக்கிறார்கள்.

“மேடம், ஸ்கீம்ல நாலுன்னு இருக்கு. நாலுக்கு மார்க் போடுங்க. கட்டு கட்டியாச்சு, சீல் வெச்சாச்சு, மழை வேற. இப்பப் போயி பேஜார் பண்றீங்களே.”

“ஒரு தடவை திருப்பிப் பாருங்க சார். பார்த்துட்டு நாலுதான்னு நீங்க சொன்னா நான் போயிடறேன்.”

மேற்பார்வையாளர் திருப்பவில்லை. திருப்பினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். மேடம் குரலை உயர்த்தவும் இல்லை, நகரவும் இல்லை. கடைசியில் முந்நூற்றுப் பன்னிரண்டு தாள்களின் கட்டையும் பிரித்தார்கள். போய்விட்ட ஆசிரியர்களை போன் போட்டுத் திரும்ப அழைத்தார்கள். அவர்கள் நனைந்துகொண்டு வந்து மேடத்தைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அன்று எங்கள் வண்டி போய்விட்டது. பொழுதும் போய்விட்டது, அவர் டப்பாவைத் திறக்காமலே பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

இன்னொன்று. என் மனைவிக்கு உடம்பு முடியாமல் போனபோது, ரிப்போர்ட்டுகளை ரயிலில் மேடத்திடம் காட்டினேன். அவர் டாக்டர் இல்லை, எனக்குத் தெரியும். படித்தவர், ‘நல்லா ஆயிடும் சார்’ என்று ஒரு வார்த்தை சொல்வார் என்றுதான் கொடுத்தேன். முதலிலிருந்து கடைசிவரை படித்தார். மறுபடியும் படித்தார். “தெரியலை சார்” என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து என் மனைவிக்குக் கஞ்சி வைத்து எடுத்துவந்தது அவர்தான்; இருபத்தாறு நாள். எடுத்துவந்தாரே தவிர, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. கடைசி நாள் வரையில் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் அறுபத்து மூன்றாம் கேள்வியை எடுத்துக்கொண்டு போனேன்.

கேட்டைத் திறந்தவர் எழுபத்திரண்டு வயதுக்கு நன்றாகவே இருந்தார். கண்ணாடிதான் தடித்துவிட்டது. “என்ன சார், முகமெல்லாம் வேர்த்துக்கினு? உள்ள வாங்க” என்றார். அடுப்படியில் அவருடைய ராச்சாப்பாடு மூடியிருந்தது. காகிதத்தை நீட்டினேன். கேள்வி இதுதான்: கீழே வரைந்துள்ள நான்கில் ஒளியைத் திருப்பாதது எது? நான்கும் படிக்கட்டு மாதிரி மேலும் கீழுமாக மடிந்த கோடுகள். நடுவில் இரண்டு கார்பன். ஒவ்வொன்றிலிருந்தும் ஓஎச் என்ற ஒரு கிளை கிளம்புகிறது. தடித்த கோடு என்றால் அது தாளிலிருந்து நம் பக்கம் வருகிறது. துண்டு துண்டான கோடு என்றால் தாளுக்குப் பின்னால் போகிறது. முதல் படத்தில் இரண்டு ஓஎச்சும் முன்னால் வருகின்றன. இரண்டாவதில் ஒன்று முன்னே, ஒன்று பின்னே. வசந்தி முதல் படம் என்று எழுதியிருந்தாள். வெளியிட்ட விடையும் முதல் படம். எனக்கும் பார்த்தால் அதுதான் சமமாகத் தெரிந்தது. இரண்டும் ஒரே பக்கம். அதுதானே கும்பிட்ட கை?

“உங்க ஜெராக்ஸ்ல எல்லாக் கோடும் கருப்பா ஈஷிக்கினு இருக்கு சார். எது தடிச்சது எது துண்டுன்னு தெரியலை. பெருசா எடுத்துக்கினு வாங்க.”

“மேடம், பொழுது…”

“போயிட்டு வாங்க.”

போனேன். மேம்பாலம் தாண்டி ஒரு கடையில் கரண்ட் இல்லை, இன்னொரு கடையில் வரிசை. பெரிதாக எடுத்துக்கொண்டு திரும்பியபோது மணி ஆறு. களிமண் டப்பா தயாராக இருந்தது. நடுவில் இரண்டு கறுப்பு உருண்டை, இணைக்க ஒரு குச்சி. ஓஎச்சுக்கு நீலம், இரண்டு முனைகளுக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்கு மஞ்சள். படத்தில் உள்ளபடியே முதலில் செய்தார். பிறகு ஒரு கறுப்பு உருண்டையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றதை நடுக்குச்சியின் மேல் மெதுவாகச் சுற்றினார். பார்த்தார். பிரித்தார். மறுபடியும் செய்தார். “இது தப்பு சார்” என்று அவர் சொன்னபோது மணி ஆறு நாற்பத்தைந்து. அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார். அன்று ராத்திரி அவருக்குச் சாப்பாடு இல்லை. அதற்காக நான் வருத்தப்பட்டேனா என்றால், இல்லை. என் வருத்தம் வேறு.

“எது மேடம் தப்பு?”

“அவங்க குடுத்த விடை. ரெண்டாவது படம்தான் மீசோ. கடைசி நாள் எப்போ?”

“சனிக்கிழமை.”

“யார் போடலாம் ஆட்சேபம்?”

“எழுதினவங்க மட்டும்.”

“உம்” என்றார். அந்த ‘உம்’மை வைத்துக்கொண்டு நான் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் பட்ட பாடு கொஞ்சமல்ல. இவரிடம் படித்தவர்கள் இந்த மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். இந்தத் தேர்வை எழுதிய ஒருத்திக்கு போன் செய்தால் போதும். முந்நூற்றுப் பன்னிரண்டு தாளைப் பிரிக்க வைத்தவர். வசந்தியின் குழுவை அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் எடுத்துப் பார்த்தேன். யாரும் எதுவும் போடவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. போடுகிறவர்கள் சொல்லாமல்தானே போடுவார்கள். “என்ன மாமா, மூணு நாளா சோத்தைப் பெசஞ்சிக்கினே இருக்கீங்க, உடம்புக்கு என்ன?” என்றாள் வசந்தி. ஒன்றுமில்லை என்றேன்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் தெருமுனையில் ஷேர் ஆட்டோ நின்றது. மேடம் இறங்கினார். கையில் டிபன் டப்பா. நான் ஓடிப்போய் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

“வசந்தி இருக்காளா சார்?”

“இல்ல மேடம். ஸ்பெஷல் கிளாஸ். ஸ்கூலுக்குப் போயிருக்கா.”

“யாரு மாமா வாசல்ல?” என்று உள்ளிருந்து வசந்தி குரல் வந்தது.

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

டிபன் டப்பாவில் இருந்தது அந்த முதல் படத்தின் களிமண் மூலக்கூறு. வசந்தி முதலில் சிரித்தாள். “இதா மேடம்? ரெண்டு ஓஎச்சும் ஒரே பக்கம் இருக்கு. ஒரே பக்கம்னா மீசோ. பதினாலு வருஷமா நடத்தறேன்.”

“ஒரே பக்கம்னா மீசோ, ஏணி மாதிரி நேரா போடற படத்துல. சரிதான். இது படிக்கட்டு மாதிரி போட்டிருக்காம்மா. இதுல ஒரு பாதியை ஏற்கெனவே முறுக்கி வெச்சிருக்கான். ஏணியாக்கிப் பாரு. முனை ரெண்டும் ஒரு பக்கம் வர்ற மாதிரி ஒண்ணைச் சுத்து.”

வசந்தி சுற்றினாள். சிவப்பு முனைகள் இரண்டும் கீழே வந்து சேர்ந்தன. முன்னால் இருந்த நீலத்தில் ஒன்று பின்னால் போய்விட்டது. அவள் அதைப் பழையபடி திருப்பினாள். இன்னொரு முறை சுற்றினாள். மறுபடியும் ஒரு நீலம் பின்னால் போயிற்று. படத்தில் ஒரே பக்கம் தெரிந்தவை பிரிந்துவிட்டன. ஒன்று முன்னே ஒன்று பின்னே என்று எதிரும் புதிருமாகத் தெரிந்த இரண்டாவது படம்தான், சுற்றினால் ஒரே பக்கம் வந்து சேரும். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

“இது யார் யாருக்குத் தெரியும் மேடம்?”

“திருப்பிப் பார்த்தவங்களுக்கெல்லாம் தெரியும்.”

“எனக்கு இது கடைசி சான்ஸ் மேடம்.” “நூத்தி நாலு வெச்சிருக்கேன். இது போனா நூத்தி மூணு. நீங்க வந்து ஆட்சேபம் போடுன்னு சொன்னா…”

“நான் அப்படிச் சொல்ல வரலியேம்மா” என்றார் மேடம். உண்மையாகவே ஆச்சரியப்பட்ட மாதிரி இருந்தது. “அது உன் இஷ்டம். எனக்கு அதுல ஒண்ணுமில்ல. உனக்கு வேலை கிடைச்சுதுன்னா இதை நடத்துவே. கிடைக்கலன்னாலும் நாளைக்கு நடத்துவே. தப்பா நடத்திடக் கூடாதேன்னு வந்தேன். சார் கிட்டச் சொல்லி அனுப்பினா சார் எண்ணிக்கினு உக்காந்துடுவாரு.”

சாப்பிடச் சொன்னோம். சாம்பாரில் வெங்காயம் இருந்தது. மோர் மட்டும் குடித்தார். இரண்டு மணி பேருந்தைப் பிடிக்கவேண்டும் என்று கிளம்பிவிட்டார். யாருக்கும் போன் செய்திருக்கவில்லை. செய்கிற எண்ணமும் இருந்திருக்கவில்லை. மூன்று நாள் நான் யாருக்குப் பயந்தேன்?

மணி மூன்று. வசந்தி மேசையில் அந்தப் பொம்மையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்கும் அப்படியே இருந்தாள். நாலேகாலுக்கு, “மாமா, உங்க கார்டைக் குடுங்க” என்றாள்.

“எதுக்கும்மா?”

“ஆட்சேபம் போடப்போறேன். ஒரு கேள்விக்கு ஐந்நூறு ரூபா. ஏத்துக்கினா திருப்பிக் குடுத்துடுவாங்க.”

“உனக்குப் பைத்தியமா? போடறவன் போடட்டும். நாம ஏன் நம்ம தலையிலேயே…”

“யாராச்சும் போட்டிருப்பாங்களா, போடலியான்னு ரிசல்ட் வர்ற வரைக்கும் பயந்துக்கினு இருக்கணும் மாமா. வேலை கிடைச்சாலும், யாராச்சும் கேஸ் போடுவாங்களான்னு பயந்துக்கினு இருக்கணும். மூணு நாளா உங்களைப் பார்த்தேனே. கழுத்து எலும்பு தெரியுது. என்னால வருஷக்கணக்கா அப்படி இருக்க முடியாது.”

கார்டைக் கொடுத்தேன். அவள் எண்களைத் தட்டினாள். என் போனில் ஓடிபி வந்தது. ஆறு இலக்கம். மணி நாலு நாற்பத்தொன்று.

“ஓடிபி வந்துச்சா மாமா?”

“இன்னும் வரலம்மா.”

மறுபடி அனுப்பச் சொல்லித் தட்டினாள். அதுவும் வந்தது. போனை வேட்டியின் மேல் குப்புற வைத்துக்கொண்டேன். ஐந்து மணி ஆகட்டும், பக்கம் தானாக மூடிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டேன். இன்னும் பதினாறு நிமிடம். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். போன் இரண்டு தடவை டிங் என்றது அவளுக்கும் கேட்டிருக்கும்.

“வரலன்னா விடுங்க மாமா” என்றாள். கோபமே இல்லை. “ஓடிபி வரலன்னு நீங்க சொன்னீங்கன்னு நானும் எனக்கே சொல்லிக்கலாம். அதுவும் எனக்கு நல்லதுதான்.”

அந்த ‘நல்லதுதான்’ எனக்குப் பொறுக்கவில்லை. நாளைக்கு அவள் வகுப்பில் இந்தப் படத்தை வரையும்போதெல்லாம் என் போன் அவளுக்கு டிங் என்று கேட்கும். போனை எடுத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன். நாலாவது இலக்கத்தை இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது. நாலு ஐம்பத்திரண்டுக்கு ‘பதிவு செய்யப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் வந்தது. வசந்தி எழுந்துபோய்க் காபி போட்டாள். இருவரும் நன்றாகச் சர்க்கரை போட்டுக் குடித்தோம். அன்று ராத்திரி நான் தூங்கினேன்.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் இறுதி விடைகள் வந்தன. அறுபத்து மூன்றுக்கு விடை மாறியிருந்தது. பிறகு பட்டியல் வந்தது. கடைசிப் பெயருக்கு நேரே நூற்று நாலு என்று இருந்தது. வசந்திக்கு நூற்று மூன்று. அவள் அழுதாள், கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். திங்கட்கிழமை வழக்கம்போல ஷேர் ஆட்டோவில் பழைய பள்ளிக்குப் போனாள்.

மேடத்துக்கு போன் செய்து சொன்னேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு முறை ‘ஹலோ’ சொன்னேன். “கேக்குது சார்” என்றார். வருத்தம் என்றோ, செய்தது சரி என்றோ, வேறு வேலை கிடைக்கும் என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. “வசந்தி கிட்டக் குடுங்க” என்றார். இருவரும் முக்கால் மணிநேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் மேல் எனக்குக் கோபமா இல்லையா என்பதையும் நான் இன்னும் முடிவு செய்யவில்லை. ஒருநாள் கோபமாக இருக்கிறது, ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் போல இருக்கிறது.

மறு வாரம் வங்கியிலிருந்து செய்தி வந்தது. ஆட்சேபம் ஏற்கப்பட்டதால் கட்டிய ஐந்நூறு ரூபாயும் முழுதாக என் கணக்குக்குத் திரும்பிவிட்டது. கார்டில் கட்டியதற்கு வங்கி பிடித்த ஐந்து ரூபாய் தொண்ணூறு காசு மட்டும் வரவில்லை.